மொண்டிசோரிக் கல்வியும் சமவாய்ப்பும்

பாலர் பாடசாலை எதுவாயினும் அதனை 'மொண்டிசோரி' என அழைப்பது நம் நாட்டு வழக்கு. கட்டணம் செலுத்த வல்லோரின் பிள்ளைகளுக்கே அக்கல்வி உரியது என்னும் எண்ணமும் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதன் பிறப்பு வரலாறோ இதற்கு நேர்மாறானது.

மரியா மொண்டிசோரி அம்மையார் (1870–1952) இத்தாலி நாட்டு மருத்துவர். அறிவு வளர்ச்சி குன்றியோர் எனத் தள்ளப்பட்ட சிறுவரிடையே தொண்டாற்றியே அவர் தம் முறையின் அடிப்படைகளைக் கண்டார். 1907 ஆம் ஆண்டு தை மாதத்தில், உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் வறியோர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளுக்காக முதலாவது 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. 1939 இல் பிரமஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி அளித்தார். 1945 இல் இங்கு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதோ, பாடசாலைக்கு முற்பட்ட பருவம் அதன் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது.

இதன் விளைவை அறியப் பாசிக்குடாக் கரையை நோக்குவோம். 2009 இல் போர் முடிந்தபின் அங்கு உல்லாச விடுதிகள் பல எழுந்தன. அவற்றின் அயலிலே கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் உள. வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், தோணிகள் கரையேறும், வருவாய் சுருங்கும். எல்லா மாதமும் ஒரே கட்டணம் என்பது சமமெனவே தோன்றும். ஆயின், அதனைக் கொடுக்க இயலாது ஒரு பிள்ளை வீட்டிலே நின்றுவிட நேருமேல், அது நீதியாகுமா? யாவர்க்கும் ஒன்றையே கொடுத்தல் சமம். அவரவர்க்கு வேண்டியதைக் கொடுத்தலே நீதி.

பொருட்செலவு பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஒன்று முதல் பத்துச் சென்ரிமீற்றர் வரை படிப்படியாகப் பெருக்கும் பத்து மரக் கனசதுரங்களை நம்மூர்த் தச்சரே செய்து தருவர். அடுக்கிய கோபுரம் தவறினால், பிறர் சொல்லாமலே பிள்ளை அதனைக் கண்டு திருத்திக்கொள்ளும். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோர் ஒரே வகுப்பில் பழகுவதால், மூத்தோர் இளையோர்க்குத் துணையாவர். கண்ணோ செவியோ குறைந்த பிள்ளையும் தொட்டுணர்ந்து கற்கும்.

வீடும் இவ்வாறே கல்விக்கூடமாகலாம். கரையில் பொறுக்கிய சிப்பிகளை அளவாலும் நிறத்தாலும் வகுத்தல், நீரைச் சிந்தாது ஒரு சிரட்டையிலிருந்து மற்றொன்றுக்கு வார்த்தல் ஆகியன கையையும் கருத்தையும் ஒருங்கே பழக்கும். ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் விரலால் எழுதுவிக்கும் நம் மரபு, சொரசொரப்பான எழுத்துக்களை விரலால் தடவச் செய்யும் அம்மையாரின் முறைக்கு மிக நெருங்கியது. பெருக்குதலும் பாத்திரம் துலக்குதலும் பெண்பிள்ளைக்கே உரியன என விடாது, ஆண்பிள்ளைக்கும் பழக்குதல் வேண்டும். அதுவும் சமத்துவப் பாடமே.

விழா நினைவாகக் கட்டிடம் எழுப்புதல் நன்றே. அதனோடு, கரையோரக் கிராமத்து இளம் பெண் ஒருவரை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்புவதையும், வாடைக்காலக் கட்டணத்தைப் பொறுப்பேற்பதையும் பழைய மாணவராகிய நாம் மேற்கொள்வோமாக. நம் கல்லூரியின் வாயிலுக்கு வரும் பிள்ளை, ஐந்து வயதிலேயே பின்தங்கியதாய் வருதல் ஆகாது.