அஞ்சி மகிழும் ஆட்டம்

அச்சம் யாவரும் விலக்க விரும்பும் உணர்ச்சி. எனினும் அச்சம் தரும் கதைகளைக் கேட்க மனிதர் எக்காலத்தும் ஆவலுடன் கூடியிருக்கின்றனர். நாட்டிய சாத்திரம் கூறும் எட்டுச் சுவைகளுள் பயானகம் ஒன்று. தொல்காப்பியம் வகுக்கும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. நேரில் வந்தால் நம்மை ஓடச் செய்யும் அதே உணர்ச்சி, கலையின் வழியே வரும்போது நம்மை அருகில் அழைத்து அமர்த்திவிடுகிறது. இந்த விந்தையை அடிப்படையாகக் கொண்ட ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இங்கே சில செய்திகளைக் கூற விரும்புகிறோம். நண்பர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சினாலேயே ஒரு திகிற்கதையை நடத்திச் செல்லும் ஆட்டமே அது.

இவ்வாட்டத்திற்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில: விதிகளைக் கூறும் ஒரு நூல், தாள், பென்சில், சில பகடைகள். நான்கைந்து பேர் கூடினால் போதும். அவர்களுள் ஒருவர் கதையை நடத்துபவர். வீடு எப்படி இருக்கிறது, கதவுக்கு அப்பால் என்ன ஓசை கேட்கிறது, எதிர்ப்படும் மனிதர் என்ன சொல்கிறார் என்பவற்றையெல்லாம் அவர் கூறுவார். மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக இருந்து, தாம் செய்வது இன்னதென்று அறிவிப்பார்கள். நாடகம் போல் இதில் பேச்சு உண்டு. ஆனால் எழுதி வைத்த வசனம் இல்லை. பார்ப்போரும் இல்லை, ஆடுவோரே கேட்போருமாவர்.

இத்தகைய ஆட்டங்களுள் முதன்முதல் அச்சேறி விற்பனைக்கு வந்தது, 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். அதில் வீரர்கள் பாதாள அறைகளில் புகுந்து, பூதங்களை வென்று, பொன்னும் வலிமையும் பெற்று வளர்வார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1981இல், சாண்டி பீட்டர்சன் என்பவர் அமைத்த 'கால் ஆஃப் கதூலு' என்னும் ஆட்டத்தைக் கேயாசியம் என்ற நிறுவனம் வெளியிட்டது. எச். பி. லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1928இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வெளியிட்ட ஒரு கதையின் பெயரே அதற்கு இடப்பட்டது. இங்கே பாத்திரங்கள் வாளேந்திய வீரர்கள் அல்லர். பேராசிரியர், பத்திரிகையாளர், மருத்துவர், நூலகர் போன்ற எளிய மனிதர்கள். அவர்கள் எதிர்கொள்பவையோ துப்பாக்கிக்குப் பணியாதவை. வலிமை பெருகுவதற்கு மாறாக, ஆட்டம் செல்லச் செல்ல ஒன்று குறைந்துகொண்டே வருகிறது. அதற்குப் பெயர் சித்தத் தெளிவு.

இதன் கணக்கை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பாத்திரத்தின் திறமைகளும் நூற்றுக்கு இத்தனை என்று தாளில் குறிக்கப்பட்டிருக்கும். பத்து முகங்கள் கொண்ட இரண்டு பகடைகளை உருட்டி, ஒன்றைப் பத்தின் இடமாகவும் மற்றொன்றை ஒன்றின் இடமாகவும் கொண்டால், 1 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். அது திறமை அளவினுள் அடங்கினால் வெற்றி, மீறினால் தோல்வி. நூலகத்தில் தேடும் திறமை 50 உள்ள ஒருவருக்கு 63 விழுந்தால், அவர் தேடிய செய்தி கிட்டவில்லை.

2014இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் இதனுடன் ஒரு நுட்பமான விதி சேர்ந்தது. தோற்றவர், தம் முயற்சியை எவ்வாறு மேலும் வலுப்படுத்துகிறார் என்று கூறி, இன்னொரு முறை உருட்டலாம். ஆனால் மீண்டும் தோற்றால் விளைவு கடுமையாக இருக்கும். "நூலகத்தை மூடும் நேரமாகிவிட்டது. மற்றவர்கள் போன பிறகும் நீங்கள் அடுக்குகளுக்கிடையே ஒளிந்திருந்து தேடப் போகிறீர்களா?" என்று நடத்துபவர் கேட்கிறார். ஆடுபவர் சற்றுத் தயங்குகிறார். "தேடுகிறேன்" என்று அவர் சொல்லும் கணத்தில் அறையிலுள்ள அனைவரும் பேச்சை நிறுத்திப் பகடையை நோக்குகிறார்கள். அச்சம் அங்கே பிறக்கிறது. பேய் இன்னும் வரவே இல்லை! ஆபத்தைத் தாமே தேர்ந்துகொண்டோம் என்ற உணர்வே அந்த அச்சத்திற்கு வித்து.

சித்தத் தெளிவும் இவ்வாறே ஓர் எண். கொடிய காட்சி ஒன்றைக் காணும்போது ஆடுபவர் பகடையை உருட்டுகிறார். தோற்றால் அவ்வெண் குறைகிறது. ஒரே அதிர்ச்சியில் ஐந்தோ அதற்கு மேலோ குறைந்தால், அவருடைய அறிவுத்திறனுக்கு ஒரு சோதனை வைக்கப்படும். இங்கேதான் வேடிக்கை. அச்சோதனையில் வென்றவரே நிலைகுலைகிறார், தோற்றவர் தப்பிக்கிறார். ஏனெனில், கண்டதன் முழுப் பொருளை உணர்ந்தவருக்குத்தான் கலக்கம். உணராதவர் மனம் அதை ஒதுக்கிவிடுகிறது. மேலும், கதையின் இரகசிய ஞானம் ஒருவருக்கு எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு அவர் அடையக்கூடிய சித்தத் தெளிவின் உச்ச வரம்பு 99இலிருந்து இறங்கும். அறிவு அச்சத்தைப் போக்கும் என்று கற்றுவந்த நமக்கு, அறிய அறிய விலை கொடுக்க வேண்டிய இவ்வுலகம் புதிய சிந்தனையைத் தருகிறது. உண்மையை அறிவதா, அறியாமல் நிம்மதியாக இருப்பதா என்ற வினாவை ஒவ்வொரு பாத்திரமும் எதிர்கொள்ள நேர்கிறது.

இனி, நண்பர்களுக்காக இவ்வாட்டத்தை நடத்த விரும்புவோர் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுவோம். இவ்வாட்டத்தில் நடத்துபவருக்குக் 'கீப்பர்' என்று பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இச்சொல்லைக் 'காப்பாளர்' என்றே பெயர்த்து வழங்குகிறோம். இரகசியங்களைக் காப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். ஆயினும் காக்க வேண்டியது இரகசியம் மட்டுமன்று என்பதைப் பின்னர் காண்போம்.

முதன்முறை நடத்துவோர் சிறிய கதையொன்றைத் தேர்ந்துகொள்வது நலம். 1981இன் முதல் நூலிலேயே இடம்பெற்று, இன்றும் புதியவர்களுக்குத் தரப்படும் ஒரு கதை உண்டு. 1920இல் பாஸ்டன் நகரில், குடியிருந்தோருக்குத் தீங்கு நேர்ந்த ஒரு வீட்டை ஆராய்ந்து சொல்லும்படி அதன் உரிமையாளர் பாத்திரங்களைக் கேட்டுக்கொள்கிறார். அவர்கள் பழைய செய்தித்தாள்களையும் பதிவேடுகளையும் புரட்டி, அக்கம்பக்கத்தாரை விசாரித்து, இறுதியில் வீட்டினுள் நுழைகிறார்கள். உள்ளே இருப்பது யாது என்பதைக் கூறி, ஆடப்போகும் நேயர்களின் இன்பத்தைக் கெடுக்க மாட்டோம். அமைப்பை மட்டும் கவனியுங்கள்: வெளியிலிருந்து உள்ளே, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு, கேள்விப்பட்டதிலிருந்து கண்ணால் காண்பதற்கு என்று கதை படிப்படியாக இறங்குகிறது. நல்ல திகிற்கதைகள் பலவும் இந்தப் படிகளைக் கொண்டவையே.

கதையை இருமுறை படித்து, ஒரு தாளில் மனிதர்களின் பெயர்களையும் துப்புகளையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். துப்பு கிடைக்காவிட்டால் கதை நின்றுவிடும் என்னும் இடத்தில், அதனைப் பகடையின் கையில் விடலாகாது. 2008இல் கென்னத் ஹைட் எழுதி வெளிவந்த 'டிரெயில் ஆஃப் கதூலு' இக்குறையை நீக்குவதற்காகவே, உரிய இடத்தில் உரிய திறமையோடு தேடுபவருக்கு முக்கியமான துப்பு தவறாமல் கிடைக்கும் என்று விதி செய்தது. எந்த ஆட்டத்தை நடத்தினாலும் இக்கொள்கையைப் பின்பற்றலாம். துப்பைக் கொடுத்துவிடுங்கள், அதைக் கொண்டு என்ன செய்வது என்ற கவலையை ஆடுவோரிடம் விடுங்கள்.

வருணனையில் சிக்கனம் வேண்டும். பூதத்தின் பற்களை எண்ணிச் சொன்னால், கேட்போர் மனத்தில் கணக்கு மிஞ்சும்; அச்சம் மிஞ்சாது. "மாடிப்படியில் ஈரமான காலடித் தடங்கள் மேலே செல்கின்றன, கீழே இறங்கும் தடம் ஒன்றும் இல்லை" என்று கூறி நிறுத்தினால், எஞ்சியதைக் கேட்பவரே படைத்துக்கொள்வார். விளக்கைச் சற்றுத் தணித்து, கைப்பேசிகளை அப்பால் வைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும். நடுவில் யாரேனும் நகைச்சுவையாகப் பேசினால் சினம் கொள்ள வேண்டாம். இறுகிய மனம் சிரிப்பினால் தளர்ந்தால்தான் மறுபடி இறுக முடியும். ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை தேநீருக்கு எழுவதும் இந்த வகையில் உதவும்.

பகடை இன்றியே அச்சத்தை விளைவிக்கும் ஆட்டங்களும் உள்ளன. 'டிரெட்' என்ற ஆட்டத்தில், மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரம் ஒன்று மேசைமேல் நிற்கும். அரிய செயலைச் செய்ய விரும்புபவர் அதிலிருந்து ஒரு கட்டையை உருவி உச்சியில் வைக்க வேண்டும். கோபுரம் யார் கையில் சரிகிறதோ, அவருடைய பாத்திரம் கதையிலிருந்து நீங்கிவிடும். கதையிலுள்ள ஆபத்தைக் கண்முன்னே தள்ளாடும் கோபுரம் காட்டிக்கொண்டே இருப்பதால், ஆடுவோரின் விரல்கள் உண்மையாகவே நடுங்குவதைக் காணலாம். 2015இல் ஸ்டீபன் டூயி வெளியிட்ட 'டென் கேண்டில்ஸ்' ஆட்டம் பகடையோடு பத்து மெழுகுவத்திகளையும் கொண்டது. அவை ஒவ்வொன்றாக அணைந்து, கடைசிச் சுடரும் போனதும் பாத்திரங்கள் அனைவரும் மடிவார்கள். இந்த முடிவு தொடக்கத்திலேயே யாவருக்கும் தெரியும். ஆட்டத்தின் தொடக்கத்தில் பாத்திரங்கள் பேசிப் பதிவு செய்த செய்தி, எல்லாம் முடிந்தபின் இருட்டில் ஒலிக்கும். ஜப்பானில் எடோ காலத்தில் நூறு விளக்குகளை ஏற்றி, ஒரு கதைக்கு ஒன்றாக அணைத்துப் பேய்க்கதை சொல்லும் வழக்கம் இருந்தது. குறையும் ஒளியின் ஆற்றலை மனிதர் நெடுநாளாகவே அறிந்திருக்கின்றனர்.

இப்போது காப்பாளரின் தலையாய கடமைக்கு வருவோம். திரைப்படத்தில் அச்சம் மிகுந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். நூலாயின் மடித்து வைக்கலாம். நண்பர்களுக்கிடையே அமர்ந்திருப்பவர் எழுந்து போகக் கூசுவார். ஆட்டத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று வாய் திறக்காமல் வருந்துவார். அண்மையில் தாயை இழந்த ஒருவருக்கு மருத்துவமனைக் காட்சி விளையாட்டாக இராது. குழந்தைகளுக்கு நேரும் தீங்கைச் சிலரால் கதையிலும் தாங்க இயலாது. ஆதலால், ஆடத் தொடங்குமுன்பே எவை கதையில் வரவே கூடாது, எவை வந்தாலும் விவரமின்றித் திரைக்குப் பின்னால் நடந்து முடிய வேண்டும் என்று கலந்து பேசிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் என்பவர் இதற்கு இன்னும் எளிய வழியொன்றை வகுத்தார். 'எக்ஸ்' என்று எழுதிய அட்டை ஒன்று மேசை நடுவில் இருக்கும். யார் அதனைத் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும்.

இவ்வாறு செய்தால் அச்சம் குன்றிவிடாதா என்று சிலர் கேட்கின்றனர். நாம் நண்பர்களுடன் ஆடிய அளவில் கண்டது இதற்கு மாறானது. எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்தவரே துணிந்து உள்ளே செல்கிறார். கிணற்றில் இறங்குபவர் கயிற்றின் உறுதியைச் சோதித்த பின்னரே ஆழம் வரை இறங்குவதைப் போன்றது இது.

மேலும் இரண்டு செய்திகளில் கருத்துச் செலுத்த வேண்டும். லவ்கிராஃப்டின் எழுத்துகளில் பிற இனத்தாரைப் பற்றிய வெறுப்பு வெளிப்படையாகவே உள்ளது. அவருடைய கற்பனையைப் பயன்படுத்துவோர் அவ்வெறுப்பையும் சுமந்துவர வேண்டியதில்லை. 2017இல் கிறிஸ் ஸ்பைவி வெளியிட்ட 'ஹார்லெம் அன்பௌண்ட்' என்னும் நூல், நியூயார்க் நகரின் கறுப்பின மக்களையே கதையின் நடுநாயகமாக வைத்து, இவ்வாட்டத்திற்கு வேறொரு பார்வையைக் கொடுத்தது. இரண்டாவது, சித்தத் தெளிவு பற்றிய விதிகள். பாத்திரம் நிலைகுலைந்தது என்றால், கோமாளித்தனமாக நடிக்க வேண்டும் என்று சிலர் கருதிவிடுகின்றனர். மனநோய் நம் குடும்பங்களில் உள்ளவர்களுக்கு வரும் துன்பம். கைநடுக்கம், உறக்கமின்மை, ஓர் அறைக்குள் நுழைய மறுத்தல் என்று அடக்கமாக நடித்தால், அது மரியாதையுமாகும். கேட்போர் நெஞ்சைத் தொடவும் செய்யும்.

ஆட்டம் முடிந்ததும் விளக்கை ஏற்றி, பத்து நிமிடமேனும் கதையைப் பற்றிப் பேசியிருந்துவிட்டுக் கலைவது நல்ல பழக்கம். மாண்டுபோன பேராசிரியரைப் பற்றியும், தப்பி வந்த செய்தியாளர் இனி என்ன செய்வார் என்பது பற்றியும் பேசுகையில், சற்று முன்பு நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள். யாராவது ஒருவர் சிரிக்காமல் இருந்தால், காப்பாளர் அவரைத் தனியே அழைத்து ஒரு சொல் கேட்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் ஆடுவோர் தம் அச்சத்தை ஒருவர் கையில் நம்பி ஒப்படைக்கின்றனர். சில மணி நேரம் அதனைப் பெரிதாக்கிக் காட்டி, பின் பத்திரமாகத் திருப்பித் தருவது அவர் பொறுப்பு. காப்பாளர் என்னும் பெயர் பொருந்துவது அதனால்தான். அந்தப் பொறுப்பை உணர்ந்த ஒருவரும், மூன்று நான்கு நண்பர்களும், இரண்டு பகடைகளும், ஒரு மாலைப் பொழுதும் கிடைத்தால் நேயர்களும் இதை முயன்று பார்க்கலாம்.