வீட்டில் கட்டும் இண்டக்‌ஷன் ஹீட்டர்: எதுவரை போகலாம்?

சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை விற்கிறது. இரண்டு மாஸ்ஃபெட், வரிசையாகச் சில கெப்பாசிட்டர்கள், இரண்டு சோக், கூடவே ஒரு செம்புக் குழாய்ச் சுருள். அதன் பெயர் '1000 வாட் இசட்விஎஸ் இண்டக்‌ஷன் ஹீட்டர்'. 12 வோல்ட் கொடுத்துச் சுருளுக்குள் ஒரு ஆணியை நீட்டினால், கொஞ்ச நேரத்தில் ஆணி செக்கச் செவேலென்று ஆகிவிடும். தீ கிடையாது, சுருள் ஆணியைத் தொடுவதும் கிடையாது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் ஆணிக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, அந்த மின்னோட்டம்தான் ஆணியைக் காய்ச்சுகிறது. பாலிடெக்னிக் மாணவர்கள் முதல் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டும் மெக்கானிக்குகள் வரை பலருக்கும் இதன் மேல் ஒரு கண் இருப்பதில் வியப்பில்லை.

அந்த 1000 வாட்டை மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 48 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுத்தால் 960 வாட். அவ்வளவையும் தரும் பவர் சப்ளையைத் தனியாக வாங்க வேண்டும். மின்விசிறி வேண்டும், சுருளுக்குள் தண்ணீர் ஓட வேண்டும். கையில் இருப்பது 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை என்றால் உச்சமே 120 வாட்தான். இதை விற்பவர் சொல்வதில்லை. வாங்கியவர் ஏமாந்த உணர்வோடு வோல்ட்டேஜை ஏற்றத் தொடங்குகிறார். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சுற்றில் மாஸ்ஃபெட் மேல் விழும் உச்ச மின்னழுத்தம், கொடுக்கும் வோல்ட்டேஜைப் போல் சுமார் 3.14 மடங்கு. 48 வோல்ட் கொடுத்தால் 150 வோல்ட். இதில் வழக்கமாக வரும் ஐஆர்எஃப்பி260 மாஸ்ஃபெட்டின் வரம்பு 200 வோல்ட். அதுவும் அசல் சரக்காக இருந்தால்தான்.

'டியூனிங்' என்று சொல்வது பெரும்பாலும் சுருளின் சுற்று எண்ணிக்கையைச் சரிபார்ப்பதுதான். அதிர்வெண்ணைச் சர்க்யூட் தானே பிடித்துக்கொள்ளும். சுருள் 1 மைக்ரோஹென்றி, கெப்பாசிட்டர்கள் மொத்தம் 2 மைக்ரோஃபாரட் என்றால் அதிர்வெண் ஏறக்குறைய 112 கிலோஹெர்ட்ஸ். ஒரு சுற்றைக் கூட்டினால் அதிர்வெண் இறங்கும், இழுக்கும் ஆம்பியரும் குறையும். இரும்பு 770 டிகிரியைத் தாண்டும்போது காந்தத் தன்மையை இழப்பதால் ஆம்பியர் மீட்டர் சட்டென்று வேறு அளவு காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம். சப்ளை வோல்ட்டேஜ் மெதுவாக ஏறினால்தான் சிக்கல். அப்போது அதிர்வு தொடங்காமலே மாஸ்ஃபெட் முழு மின்னோட்டத்தையும் தாங்கி நின்று புகைந்துபோகும். ஆகவே முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டுவிட்டு, பிறகு அதன் வெளியீட்டுப் பக்கம் உள்ள சுவிட்சைப் போட வேண்டும். அந்த இடத்தில் ஒரு ஃப்யூஸும், சுருளின் மேல் கண்ணாடியிழை உறையும் இருப்பது நல்லது. ஆணி இரண்டு சுற்றுகளை ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

இதுவரை சொன்னதில் கெட்டால் பலகை கெடும், கவனக்குறைவாக இருந்தால் விரல் சுடும். அடுத்த படி வேறு. "பவர் போதவில்லை" என்று நேராக 230 வோல்ட் பிளக்கிலிருந்து மின்சாரத்தை எடுத்து ஐஜிபிடி என்ற பெரிய டிரான்சிஸ்டரை வைத்துக் கட்டத் துணிபவர்கள் இருக்கிறார்கள். ரெக்டிஃபையர் போட்டதும் அது 325 வோல்ட் டிசி ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை இந்தச் சர்க்யூட்டில் மாட்டினால் எர்த் வழியாக ஷார்ட் ஆகி வெடிக்கும். அதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் முனையைப் பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது ஸ்கோப்பின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறிவிடுகிறது. குமிழைத் திருகப் போகும் கை நேராக மெயின்ஸைத் தொடுகிறது. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரும், தொடரில் ஒரு குண்டு பல்பும், கெப்பாசிட்டரைக் காலி செய்யும் ரெசிஸ்டரும், பக்கத்தில் விஷயம் தெரிந்த இன்னொருவரும் இல்லாமல் இந்த வேலையில் யாரும் இறங்கக் கூடாது.

பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து டிரான்ஸ்பார்மரைக் கழற்றிச் சோதனை செய்வது இதைவிடக் கொடியது. அதன் வெளியீடு சுமார் 2000 வோல்ட். அந்தப் பக்கம் கை பட்டால், மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபியும் விழாது. அமெரிக்காவில் இந்த டிரான்ஸ்பார்மரை வைத்து மரப்பலகையில் மின்னல் வடிவம் எரிக்கப் போய் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்குள்ள மரக்கடைசல் கலைஞர் சங்கம் 2017-இல் தன் நிகழ்ச்சிகளில் அந்த வேலைக்கே தடை விதித்தது. இறந்தவர்களில் கருவிகளோடு பழகிய கைவினைஞர்களும் உண்டு.

சின்ன ஹீட்டரிலும் மறந்துபோகும் விஷயங்கள் சில. மோதிரமும் உலோக வாட்ச் பட்டையும் சுருளருகே போனால் கையிலேயே காயும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்தே 60 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் அறிவுரை. மூடியில்லாத இந்தச் சுருளின் பக்கமே அவர் வரக் கூடாது. ஜிஐ குழாயையோ பித்தளையையோ காய்ச்சினால் துத்தநாகப் புகை வரும். மூச்சில் போனால் சில மணி நேரம் கழித்துக் குளிர்க்காய்ச்சலாகக் காட்டும்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குறைபாடுள்ள பொருளால் காயம் பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் 87-ஆம் பிரிவைப் படிக்காமல் யாரும் சால்டரிங் அயனைத் தொட வேண்டாம். விபத்து நேரத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ விற்றவர் மீது பொறுப்பு வராது. வேறொரு கருவிக்கு உதிரிப் பாகமாக வாங்கி, தயாரிப்பாளர் உரிய எச்சரிக்கையும் தந்திருந்தால், முழுக் கருவியால் வந்த தீங்குக்கு, போதிய எச்சரிக்கை தரவில்லை என்ற வழக்கில் அவர் பொறுப்பில்லை. அதனால் பலகை கைக்கு வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து, விளம்பரப் பக்கத்தையும் பில்லையும் சேமித்து, சொன்ன வோல்ட்டேஜில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. எச்சரிக்கைத் தாளே இல்லாமல் பலகை வந்திருந்தால், அதுவே வாங்கியவர் தரப்புக்கு வலு.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிறர் செய்த பாகங்களைச் சேர்த்துப் பொருத்துபவரும் இச்சட்டத்தின்படி தயாரிப்பாளரே. நாலு ஹீட்டர் கட்டிப் பக்கத்துப் பட்டறைகளுக்கு விற்கும் இளைஞர் இதை அறிந்திருக்க வேண்டும். அங்கே ஒருவருக்குக் கை வெந்தால் வழக்கு அந்த இளைஞரின் வாசலுக்கு வரும்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பிஐஎஸ் முத்திரையோடு உள்ள 'ஆர்' பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பார்த்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். புகாரும் அதிலேயே தரலாம். இணையக் கடையின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள். சொல்லவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும், பிறகு 108. மின்சாரம் நின்றது உறுதியாகும்வரை அவரைத் தொடக் கூடாது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். சூடு பட்ட காயத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். பேஸ்ட்டும் மாவும் பூசக் கூடாது. மின்சாரக் காயம் வெளியே பொட்டளவு தெரிந்தாலும் உள்ளே தசையும் இதயத் துடிப்பும் கெட்டிருக்கலாம். ஆகவே எத்தனை வோல்ட், எந்தக் கையில் பட்டது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி ஈசிஜி எடுக்கச் செய்வதும், அந்த விவரம் மருத்துவக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் உடன் போனவரின் வேலை. பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்தக் குறிப்பைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.