சேர்வராயன் மலையும் கடற்படையின் கணக்கும்

ஏற்காட்டிலிருந்து கடற்கரை நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஊரோ கடல் மட்டத்திற்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. அங்குள்ள காப்பித் தோட்டக்காரரிடம் கடலின் வெப்பத்தைப் பற்றியும் கடற்படையைப் பற்றியும் பேசப் புகுந்தால், ‘அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று அவர் கேட்பது இயல்பே. 2024-ஆம் வருஷத்து டிசம்பர் மாதத் தொடக்கம் அக்கேள்விக்கு விடையளித்துவிட்டது.

வங்கக் கடலில் எழுந்த பெஞ்சல் புயல் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையேறிற்று. கரையேறிய பின்னும் விரைந்து செல்லாமல் பல மணி நேரம் அங்கேயே தங்கிற்று. பிறகு வலுவிழந்து மேற்கே நகர்ந்து, உள்நாட்டில் பெருமழையாகக் கொட்டிற்று. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. சேர்வராயன் மலையில் மண் சரிந்து, ஏற்காட்டு மலைப்பாதையில் போக்குவரத்துத் தடைப்பட்டது. அதுவோ காப்பிப் பழத்தைப் பறித்துக் களத்தில் உலர்த்தும் காலம். கடலில் பிறந்த வினை மலைமீது பலன் தந்ததை அன்று எல்லோரும் கண்ணாரக் கண்டனர்.

இந்தக் கடற்கணக்கு கடற்படைக்கு உயிர்நாடி போன்றது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் தெரியாமல் கப்பலிலிருந்து விமானத்தை ஏவ முடியாது; கரையில் படையை இறக்கவும் முடியாது. நீருக்கு அடியில் விஷயம் இன்னும் நுட்பமானது. கடல் நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. வெப்பமும் உப்பும் ஆழமும் மாறுந்தோறும் அவ்வேகம் மாறி, ஒலியின் பாதை வளைகிறது. அந்த வளைவை அறிந்த நீர்மூழ்கி, தேடுவோர் காதில் விழாமல் ஒளிந்துகொள்ளும். அறிந்த தளகர்த்தனோ அதைத் தேடிப் பிடிப்பான். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் மேலே பரவிக் கிடக்கும் வங்கக் கடலுக்கு, வேறொரு சமுத்திரத்தின் கணக்கு ஒருபோதும் பொருந்தாது.

சரித்திரம் இதற்குச் சாட்சி கூறுகிறது. 1944 ஜூன் 5-ந் தேதி நார்மண்டிக் கரையில் இறங்கவிருந்த நேச நாட்டுப் படை, வானிலை நிபுணர் ஸ்டாக்கின் சொற்கேட்டு ஒரு நாள் பொறுத்து 6-ந் தேதி இறங்கி வெற்றி கண்டது. அதே வருஷம் டிசம்பரில், பிலிப்பைன்ஸ் கடலில் புயலின் போக்கைச் சரியாக அறியாத அமெரிக்கக் கடற்படை, பகைவன் ஒரு குண்டும் போடாமலே மூன்று நாசகாரிக் கப்பல்களையும் சுமார் 790 வீரர்களையும் பறிகொடுத்தது. சாட்சியத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லும் நீதிபதிக்கும், காற்றைக் கேளாமல் கட்டளையிடும் தளகர்த்தனுக்கும் அதிக வேற்றுமை இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

நமது தேசம் இத்துறையில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கவில்லை என்பது பெருமைக்குரியது. கொச்சியில் கடற்படைக்கென்றே கடலியலும் வானிலையும் கற்பிக்கும் பள்ளி இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சிசாலையின் ‘சாகர்த்வனி’ என்ற கப்பல் 1994 முதல் கடலின் ஒலியை ஆராய்ந்து வருகிறது. ஹைதராபாத்தில் 1999-ல் தோன்றிய கடல் தகவல் நிலையம், 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கியேறும் மிதவைகளின் அளவுகளைத் திரட்டுகிறது. 2022 நவம்பரில் ஏவப்பட்ட நமது செயற்கைக்கோள் ஒன்று கடற்காற்றை அளக்கிறது.

ஆயினும் அறிவைச் சேர்ப்பது பாதி வேலையே. உரியவனிடம் உரிய காலத்தில் சேர்ப்பிப்பது மறுபாதி. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் குமரிமுனை அருகே மிக விரைவில் வலுப்பெற்றது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்களிடமிருந்த கம்பியில்லாக் கருவிக்கு அவ்வளவு தூரம் எட்டும் சக்தி இல்லை. கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் பின்னர் தேடிச் சென்று பலரை மீட்டன. மீளாதவர் குடும்பங்களுக்கு எந்தக் கணக்கு ஆறுதல் தரும்? 2019-ல் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவி வந்தது நல்ல ஆரம்பம். ஆனால் அது செய்தியைப் பெறுமேயன்றி, படகிலிருந்து அபயக்குரலை அனுப்பாது. இருவழியும் பேசும் கருவி, கட்டுமரமும் சிறுபடகும் உள்பட ஒவ்வொன்றுக்கும் கிடைக்க வேண்டும்.

நீர்மூழ்கிகள் இருக்குமிடமும் ஒலியின் பாதையும் இரகசியமாகவே இருக்கட்டும். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் காற்றும் அலையும் புயலின் போக்கும் பொதுஜனங்களின் சொத்து. அவை கணிப்பொறியின் எண்களாக அதிகாரிகளின் மேஜையில் தங்கிவிடாமல், தெளிந்த தமிழில், குளச்சல் மீனவனுக்கும் ஏற்காட்டுத் தோட்டத் தொழிலாளிக்கும் காலத்தே சென்று சேர வேண்டும். நாட்டின் கரையைக் காக்கும் அறிவு, அக்கரையில் வாழும் ஏழையையும் அவனுக்கு அப்பால் மலையில் வாழும் ஏழையையும் காக்கும்போதே பூரணத்துவம் அடையும். சர்க்கார் இதில் இனியும் தாமதம் செய்யலாகாது.