மலைநாட்டு மின்சாரமும் கருவிச் சோதனையும்

ஏலமணம் கமழும் உடும்பஞ்சோலை மலைகளில் மின்னணுக் கருவி நுழையாத இல்லம் இன்று அரிது. தொழிலாளியின் லயத்தில் தொலைக்காட்சி. ஏலக்காய்க் கடையில் மின்னணுத் தராசு. மாணவன் மேசைமேல் கணினி. இராமக்கல்மேட்டில் காற்றாலைகள் சுழல்கின்றன. அண்டையிலுள்ள பள்ளிவாசலிலோ 1940-ஆம் ஆண்டிலேயே நீர்மின்சாரம் பிறந்துவிட்டது. பிறருக்கு மின்சாரம் வழங்கிய மலைநாட்டு மக்கள் அதனை அச்சமின்றிக் கையாள முடிகிறதா? இதனை ஆராய, கருவிகள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

சோதனைகள் இருவகைப்படும். ஒன்று மின்காப்புச் சோதனை. மற்றொன்று மின்காந்த இணக்கச் சோதனை.

முன்னது மனித உயிரைக் காப்பது. வீட்டுக் கருவியின் உலோக உடலுக்கும் அதன் எர்த் முனைக்கும் இடையே 25 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தி, தடை 0.1 ஓமுக்கு மிகவில்லையா என்று பார்ப்பர். கணினி போன்ற கருவிகளில் அடிப்படைக் காப்பின்மீது 1,500 வோல்ட்டும், வலுவூட்டிய காப்பின்மீது 3,000 வோல்ட்டும் ஒரு நிமிடம் செலுத்துவர். காப்பு முறிந்தால் கருவி தோற்றது என்பது முடிவு.

பின்னது நல்ல அண்டைவீட்டானின் இயல்பைச் சோதிப்பது. தானும் பிறர்க்குத் தொல்லை தரலாகாது. பிறர் தரும் சிறு தொல்லைக்கும் நிலைகுலையலாகாது. மிக்ஸி ஓடும்போது வானொலி கரகரப்பது முதற்குறைக்குச் சான்று. உதகையில் 1970 முதல் விண்ணை நோக்கிவரும் வானொலித் தொலைநோக்கி, 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் மிக மெல்லிய ஒலியலைகளை அன்று, வானொலி அலைகளையே பெறுகிறது. ஒழுங்கற்ற கருவியின் கசிவலை அதற்கு எத்துணை இடையூறு என்பதை எண்ணிப் பாருங்கள். இத்தகைய அலைகளை அளக்க, சுவரெங்கும் கூம்புகள் பதித்த, எதிரொலிக்காத அறைகள் உண்டு. சென்னைத் தரமணியிலுள்ள 'சமீர்' நிறுவனம் இத்துறையில் பணியாற்றுவது நமக்குப் பெருமை. மின்னலால் எழும் மின்னெழுச்சியையும் செயற்கையாக உண்டாக்குவர். 1.2 மைக்ரோ நொடியில் உச்சம் அடைந்து, 50 மைக்ரோ நொடியில் பாதியாகத் தாழும் அலை அது.

இவ்விரு சோதனைகளும் ஓரிடத்தில் மோதுகின்றன. அலைத்தொல்லையைத் தடுக்க, மின்கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையே சிறு மின்தேக்கிகளை வைப்பர். அவற்றின் வழியே சிறிது மின்சாரம் இடையறாது எர்த்தில் கசியும். கணினி வகைக் கருவிகளுக்கு அதன் வரம்பு 3.5 மில்லி ஆம்பியர். எர்த் இணைப்பு அறுந்துவிட்டாலோ, உலோக உடலில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் அளவு தோன்றும். கணினிப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உறைப்பது இதனாலேதான். எர்த் இல்லை என்று கருவியே விடுக்கும் எச்சரிக்கை அது!

இங்கேதான் மலைநாட்டின் இடர் தொடங்குகிறது. சோதனைக்கூடத்தில் எர்த் குறைவற்றது. மலையிலோ பாறை. கம்பி ஈரமண்ணை எட்டாது, தடை மிகும். ஒரு வீட்டின் எர்த் தடை 100 ஓம் என்று கொள்வோம். காப்பு முறிந்து 230 வோல்ட் உடலில் ஏறினால் ஓடும் மின்னோட்டம் 2.3 ஆம்பியரே. 5 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு உருகாது! கருவியின் உடல் மின்னேறியபடியே நிற்கும். தொடுபவர் கதி யாது? மேலும், கோடையிடியும் வடகிழக்குப் பருவ இடியும் தரும் மின்னெழுச்சியை நிலத்தில் இறக்க வேண்டிய காப்புச்சாதனமும் அதே எர்த்தையே நம்பியுள்ளது. ஆகவே, சோதனையில் வென்ற கருவியும் வீட்டில் தோற்கக்கூடும்.

இதற்குத் தீர்வு உண்டு. ஈ.எல்.சி.பி. என்று மின்பணியாளர் அழைக்கும் கசிவுத் துண்டிப்பான், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பை அறுக்கும். மேற்கண்ட 2.3 ஆம்பியர் அதற்கு மிகப் பெரிது. எனவே தடைமிக்க எர்த்திலும் அது உயிர் காக்கும். எர்த் தடையை ஆண்டுதோறும் அளந்து, வேண்டிய இடத்தில் கூடுதல் கம்பிகளைப் புதைப்பதும் நன்று. இடி முழங்கும் முன்பே கருவிகளின் செருகியைக் கழற்றிவிடுதல் செலவில்லாத காப்பு.

மத்திய அரசு 2012-இல் மின்னணுப் பொருள்களுக்குக் கட்டாயப் பதிவு ஆணை பிறப்பித்தது. அலைபேசியும் அடாப்டரும் பின்னர்ச் சேர்ந்தன. அவ்வாணை முதன்மையாக வலியுறுத்தியது மின்காப்பையே. ஆதலால் இந்தியத் தரநிர்ணயக் குறியும் பதிவெண்ணும் இல்லாத மலிவு அடாப்டரை வாங்குதல் தகாது. மூன்று முள் செருகியின் பெரிய முள்ளை வெட்டி இரண்டாக்குதல் தனக்குத்தானே குழிதோண்டுதலாகும்.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டுப் பலகையில் கசிவுத் துண்டிப்பான் உளதா என்று பாருங்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கற்ற கல்வி பெற்றோர் இல்லத்தில் ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த பயன் வேறு யாது?