குழாயைத் தொடுமுன்

"பிளம்பர் நாளைக்கு வருவார்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் ஓடிவிடுவது நம் வீடுகளில் வாடிக்கை. அதற்குள் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் வீண். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்பு வைத்து ஏற்றப்பட்டு வருகிறது. 2024 கோடையில் தண்ணீருக்குப் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. ஆகவே சிறு வேலைகளை நாமே செய்யப் பழகுவது நல்லதுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் தண்ணீரால் வருவதில்லை, மின்சாரத்தாலும் காற்றில்லாத குழியாலும் வருகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாடகை வீட்டில் குளியலறைக் குழாயை மாற்ற உட்கார்ந்தேன். தண்ணீரை நிறுத்தினேன், கீசரை நிறுத்தவில்லை. ஸ்பேனரை வைத்ததும் கை சுர்ரென்றது. கீசருக்குள் இருந்த கம்பிச்சுருள் பழுதாகி மின்சாரம் கசிந்திருக்கிறது; வீட்டில் எர்த் சரியாக இல்லை. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் தப்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் முறை இது. முதலில் மின்பலகையில் கீசர், மோட்டார் இரண்டின் எம்.சி.பி.யையும் இறக்குவேன், சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அடுத்து மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வை மூடி, கீழ்க் குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடிய விடுவேன். நெடுநாள் திருகாத வால்வை முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது; உடைந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் கொட்டிவிடும். சோலார் வெந்நீர் உள்ள வீடுகளில் அதன் வால்வு தனி. அதை மறந்தால் கொதிக்கும் நீர் கையில் கொட்டும்.

பழைய திருகு குழாய் சொட்டினால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். வடிகால் துளையைத் துணியால் அடைத்துவிட்டு, குழாயின் தலைப்பகுதியை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, தண்டின் அடியிலுள்ள வாஷரை மாற்றினால் போதும். கால் திருப்பில் திறக்கும் புதுவகைக் குழாய்களில் வாஷர் கிடையாது. உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். பழையதைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குங்கள்.

முழுக் குழாயையும் மாற்றுவதானால், மரையில் டெஃப்ளான் டேப்பை, குழாய் திருகப்படும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். கையால் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் மெல்ல இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு விரிசல் விடும். பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான். போர்வெல் உப்பு படிந்து குழாய் முனைச் சல்லடை அடைத்திருந்தால், கழற்றி இரவு முழுவதும் வினிகரில் ஊற வையுங்கள்.

இனி நாம் தொடக் கூடாதவை. கீசரின் உட்பகுதியைத் திறக்காதீர்கள். அதன் பாதுகாப்பு வால்விலிருந்து நீர் காயும்போது சில துளிகள் சொட்டுவது இயல்பு. சொட்டுகிறதே என்று அதை அடைத்தால் அழுத்தம் ஏறி கீசர் வெடிக்கலாம். கழிப்பறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள்; கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். அண்டை வீட்டுத் தண்ணீர் குறைவதோடு, குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடையும் சேர்ந்து வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சம்ப்புக்குள் இறங்காதீர்கள். மூடிக் கிடந்த குழியில் பிராணவாயு குறைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இறங்கியவர் மயங்கினால், காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்தே போகிறார். மூடியைப் பூட்டி வையுங்கள்; வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். உள்ளே சுத்தம் செய்ய, காற்றோட்டமும் கருவிகளும் வைத்திருக்கும் ஆட்களையே அழையுங்கள்.

கடைசியாக இரண்டு யோசனைகள். எலக்ட்ரீஷியனை ஒருமுறை அழைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்; மின்கசிவு ஏற்பட்ட நொடியே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அடுத்து, எந்த வால்வு எதற்கு என்று எழுதி ஒட்டி, இல்லத்தரசிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். குழாய் உடைகிற நேரத்தில் நாம் வீட்டில் இருப்போம் என்பது நிச்சயமில்லை.

நம்மால் முடியாத வேலைக்குப் பிளம்பரை அழைக்க வெட்கப்பட வேண்டாம். "நீரு சோர்தா இதே" என்று கன்னடத்தில் சொன்னால் போதும். கண்ணீர் சோர்ந்தது என்று நாம் சொல்லும் அதே சோர்தல்தான், அந்நியமாகத் தோன்றாது.