மோதுகையும் பொருள்கோடலும்: இரச அணு பற்றிய ஒரு பரிசோதனையின் வரலாறு

கண்ணாற் காணவியலாத பொருளொன்றை எவ்வாறு அறிவது என்ற வினா மெய்யியலிலே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற்கூட ஏணஸ்ற் மாக் போன்ற அறிஞர்கள், புலன்களுக்கு எட்டாத அணுவை உண்மைப் பொருளாக ஏற்க மறுத்தனர். கணிப்புக்கு உதவும் ஒரு வசதியான கற்பனை என்றே அதனைக் கருதினர். இவ்வினாவுக்கு 20ஆம் நூற்றாண்டின் பௌதிகம் கண்ட விடை வெறுஞ் சிந்தனையின் விளைவன்று. ஒரு துகளை இன்னொன்றுடன் மோதவிட்டு, மோதிய பின்னர் அதன் திசையிலும் சக்தியிலும் நேர்ந்த மாற்றங்களை அளந்து பெறப்பட்டதாகும். 1909இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின்மீது அல்பாத் துகள்களைச் செலுத்தியபோது, மிகச் சில துகள்கள் வந்த வழியே திரும்பின. இதனை அடிப்படையாகக் கொண்டே, அணுவின் நடுவே செறிந்ததொரு கரு உண்டென்ற முடிவுக்கு றதபோட் 1911இல் வந்தார்.

ஆயின், மோதுகை தரும் விடை தனது பொருளைத் தானே எடுத்துரைத்து விடுவதில்லை. 1914இல் பேர்லினில் யேம்ஸ் பிராங்க், குஸ்தாவ் ஹேட்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட பரிசோதனையும் அதன் பின்வரலாறும் இதனைத் தெளிவாக உணர்த்துகின்றன.

அவர்களது உபகரணம் எளிமையானது. ஒரு கண்ணாடிக் கலத்தினுள் இரசத்தின் ஆவி உண்டு. சூடேற்றப்பட்ட கம்பியிலிருந்து வெளிப்படும் இலத்திரன்களை மின்னழுத்தத்தினால் ஒரு கம்பிவலை கவர்ந்திழுக்கும். வலையைக் கடந்து, சிறிய எதிரழுத்தத்தையும் வென்று அப்பாலுள்ள தகட்டை அடையும் இலத்திரன்களே மின்னோட்டமாக அளக்கப்படும். அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும்போது மின்னோட்டமும் கூடுகிறது. ஏறத்தாழ 4.9 உவோற்றை அடைந்ததும் அது திடீரென வீழ்கிறது. மீண்டும் ஏறி, அடுத்த 4.9 உவோற்றின் பின் மறுபடியும் வீழ்கிறது.

இதன் காரணம் யாது? இலத்திரனைவிட இரச அணு மூன்றரை இலட்சம் மடங்குக்கு மேற் பாரமானது. ஆகவே குறைந்த சக்தியுடைய இலத்திரன், மதிலில் எறியப்பட்ட பந்தைப் போல, தன் சக்தியை ஏறக்குறைய முழுமையாகவே வைத்துக்கொண்டு தெறித்துவிடுகிறது. 4.9 இலத்திரன் உவோற்று என்ற எல்லையை எட்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. அப்பொழுது அச்சக்தியை அணு ஒரே தடவையில் உட்கொள்கிறது. சக்தியிழந்த இலத்திரன் தகட்டை அடைவதில்லை. அளவில் நிகழும் தொடர்ச்சியான கூடுதல், குறிப்பிட்ட ஓர் எல்லையிற் பண்பு மாற்றமாகப் பரிணமிப்பதற்கு இது தக்கதோர் உதாரணமாகும். உட்கொண்ட சக்தியை அணு பின்னர் 253.6 நனோமீற்றர் அலைநீளமுடைய கழியூதா ஒளியாக வெளிவிடுவதையும் அவ்விருவரும் அவதானித்தனர். நூலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பல தசாப்தங்களாக ஒளிதந்த குழாய் விளக்குகள் இதே மோதுகையின் அடிப்படையிலேயே இயங்குவன. குழாயின் உட்பூச்சு அக்கழியூதாவைக் கட்புலனாகும் ஒளியாக மாற்றுகிறது.

அளவீடு சரியானது. எனினும் அதற்கு அவர்கள் முதலில் அளித்த விளக்கம் தவறானது. 4.9 உவோற்றில் இரச அணுவிலிருந்து ஓர் இலத்திரன் முற்றாக வெளியேற்றப்படுகிறது, அதாவது அணு அயனாகிறது, என்றே அவர்கள் கருதினர். அயன்களின் அறிகுறிபோன்ற மின்னோட்டமும் கலத்திற் காணப்பட்டது. 1913இல் புதிய அணுக்கொள்கையை முன்வைத்த நீல்ஸ் போஹ்ர் 1915இல் இதனை மறுத்தார். அணு சிதையவில்லை, ஒரு சக்திநிலையிலிருந்து உயர்ந்த நிலைக்கு அருட்டப்பட்டது என்பது அவர் வாதம். கழியூதா ஒளி உலோகத் தகடுகளிற்பட்டு அவற்றிலிருந்து இலத்திரன்களை விடுவிப்பதே அயன்களாகத் தோற்றியது என்றும் அவர் கூறினார். இலக்கங்கள் அவையே; கோட்பாடு மாறியதும் அவற்றின் பொருளும் மாறியது.

எது சரியென்பதை விவாதத்தால் மட்டும் முடிவுசெய்ய இயலாது. அப்பொழுது மான்செஸ்டரிற் பணியாற்றிய போஹ்ர், மக்கோவர் என்பவருடன் இணைந்து இதனைச் சோதிக்க முற்பட்டார். அதற்கு வேண்டிய நுட்பமான உபகரணத்தை உருவாக்க உதவியவர், ஆய்வுகூடத்தின் கண்ணாடி ஊதும் தொழிலாளரான ஒற்றோ பௌம்பாக். அல்பாத் துகள்கள் ஊடுருவக்கூடியதும் வாயுவைத் தடுத்து நிறுத்தக்கூடியதுமான, மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கினும் மெல்லிய கண்ணாடிக் குழாய்களை முன்னர் றதபோட்டுக்கு ஆக்கிக் கொடுத்த கைகள் அவருடையவை. ஆனால் அவர் ஜேர்மனியர். உலகப் போர் மூண்டிருந்த நிலையில் அவர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். உபகரணத்தின் தாங்கி தீப்பற்றி உபகரணம் அழிந்தபோது, அதனை மீள அமைப்பதற்கு அவர் அங்கு இல்லை. முயற்சி கைவிடப்பட்டது. மறுபுறத்தில் பிராங்கும் ஹேட்ஸும் ஜேர்மன் படையில், பிரிட்ஸ் ஹாபரின் நச்சுவாயுப் பிரிவிற் சேவையாற்றினர். 1917இல் நியூயோர்க்கில் டேவிஸ், கௌச்சர் என்போர் கலத்தினுள் மேலுமொரு வலையைச் சேர்த்து, ஒளியால் எழும் மின்னோட்டத்தையும் அயன்களால் எழுவதையும் வேறுபடுத்திக் காட்டினர். இரசம் அயனாவதற்கு ஏறத்தாழ 10.4 உவோற்று தேவை என்பது தெளிவாயிற்று. போஹ்ரின் விளக்கமே நிலைத்தது. பிராங்கும் ஹேட்ஸும் அதனை ஏற்றுக்கொண்டனர். 1925ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இவ்வரலாறு இரண்டு ஒருதலைப்பட்சமான கருத்துக்களை மறுக்கிறது. தரவுகளைத் திரட்டினாலே போதும், உண்மை தானாக வெளிப்படும் என்பது ஒன்று. பொருள்கோடல்கள் யாவும் சமதகுதியுடையன, நோக்குபவரின் நிலையே அனைத்தையும் தீர்மானிக்கிறது என்பது மற்றையது. 4.9 என்ற இலக்கம் பேர்லினுக்கு ஒன்றாகவும் நியூயோர்க்குக்கு வேறொன்றாகவும் இருக்கவில்லை. போர் அதனை மாற்றவில்லை. ஆனால் அதன் பொருளை அறியும் பாதையைப் போர் தடுத்தது, திசைதிருப்பியது. இலக்கிய ஆய்வில் ஈடுபடுவோரும் இவ்வேறுபாட்டை மனங்கொள்வது அவசியம். ஒரு நூலுக்கு இரு விளக்கங்கள் எழும்போது இரண்டையும் அருகருகே வைத்து அமைதிகாண்பது ஆய்வாகாது. இரண்டையும் பிரித்தறியக்கூடிய மேலதிகச் சான்றைத் தேடுவதே ஆய்வாகும். அத்தேட்டத்திற் கோட்பாட்டாளரின் பங்கை நாம் எளிதில் நினைவுகூர்கிறோம். கலத்தை ஊதியவர் இல்லாதபோது கோட்பாட்டாளரின் வினாவே விடையின்றி நின்றது என்பதையும் அதனோடு சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும்.