வயிற்று மந்தமும் ஹோமியோபதி உருண்டையும்

தாயகம் விட்டு வெளிமாநிலம் புகுந்த நம்மவர்க்கு முதலில் முரண்டு செய்வது வயிறேயாம். நீர் வேறு, எண்ணெய் வேறு, உண்ணும் வேளையும் வேறு. கொல்கத்தாவின் டாக்குரியாப் பகுதியில் குடியேறும் தமிழர் 'அம்பல்' என்ற வங்கச் சொல்லை விரைவில் கற்றுவிடுகின்றனர். நெஞ்செரிவுக்கும் புளியேப்பத்துக்கும் அதுவே பெயர். அதற்கு அண்டை வீட்டார் அன்புடன் நீட்டுவது பெரும்பாலும் ஹோமியோபதி உருண்டை.

வங்கத்தில் இம்முறைக்கு இத்துணைச் செல்வாக்கு வந்தது எவ்வாறு? ஜெர்மானியரான ஹானிமன் வகுத்த இம்மருத்துவத்தை, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்ற மகேந்திரலால் சர்க்கார் 1867-இல் வெளிப்படையாக ஆதரித்தார். சக மருத்துவரின் எதிர்ப்பையும் தாங்கினார். அவர் 1876-இல் நிறுவிய அறிவியல் கழகத்திலேதான் நம் சி. வி. இராமன் 1928-இல் தம் பெயர் தாங்கிய ஒளி விளைவைக் கண்டறிந்தார். அத்தகைய சான்றோர் ஏற்ற முறை வீடுதோறும் பரவியது வியப்பன்று.

காரமும் காப்பியும் மிகுந்த மந்தத்துக்கு நக்ஸ் வாமிகா தருவர். அது நம் எட்டிக்கொட்டையே. உப்புசத்துக்குக் கார்போ வெஜ், அது மரக்கரி. எட்டி நஞ்சாயிற்றே எனலாம். '30' என்று குறித்த மருந்தை நூற்றில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்திருப்பர். மூலப்பொருளின் ஓரணுவும் எஞ்சுவதில்லை எனலாம். நீர்க்காத மூலச்சாறு அவ்வாறன்று. அதைத் தாமே வாங்கி உண்ணலாகாது.

பயன் என்ன? ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஆஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், எந்நோய்க்கும் இம்முறை பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என 2015-இல் கூறிற்று. சிறு மந்தம் இரண்டொரு நாளில் தானே தணியும். புகழ் உருண்டைக்குச் சேரும்.

வயிற்றுப்போக்கோ காத்திராது, உடலின் நீரை வடித்துவிடும். இதற்கு வழி காட்டியதும் வங்கமே. 1971-இல் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகலாநபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகச் செய்தார். நூற்றுக்கு இருபது, முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழ் இறங்கிற்று. வீட்டிலும் செய்யலாம்: காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு பிசகலாகாது.

கரிய மலம், மலத்தில் இரத்தம், விழுங்கத் தடை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை தோன்றின் மருத்துவரை நாடுக. 'வாயு' என நினைத்த நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், அது மாரடைப்பாகலாம். அக்கணமே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். மருத்துவரைக் கண்டபின் உருண்டை உண்பது அவரவர் விருப்பம். உருண்டையை நம்பி மருத்துவரைக் காணாதிருத்தல் மட்டும் வேண்டா.